கல் முளைத்த காடு

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் எதைத் தின்றாலும் பல்லில் மண் நறநறக்கும். கம்பஞ்சோற்றுப் பானையை அம்மா எத்தனை கவனமாக மூடி வைத்தாலும், தயிர்ச்சட்டியின் வாயில் ஈரத்துணியைக் கட்டினாலும், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஓட்டு இடுக்கு வழியாகவும் கதவுச் சந்து வழியாகவும் செம்மண்ணைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மீதும் தூவிவிட்டுப் போகும். துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தால் வருமே, அந்த ருசி. முதல் வருடம் துப்பினோம். அடுத்த வருடம் துப்பிச் சலித்துப்போய் அப்படியே விழுங்கப் பழகிக்கொண்டோம். நாங்கள் விழுங்கியது எங்கள் சொந்த நிலத்து மண் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் இடையில், பெரிய சாலையை விட்டு இறங்கி வண்டித்தடத்தில் வெகுதூரம் நடந்து போக வேண்டிய இடத்தில் இருந்தது. கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரியும். மேகமெல்லாம் அதன் உச்சியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கம் நகர்ந்து வரும்போது அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. அந்தப் பக்கத்தில் "காடு" என்றால் மரங்கள் அடர்ந்த வனம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் காடு ஒரு சரிவில் இருந்தது. சரிவின் அடியில், எங்கள் வரப்பை ஒட்டியே, அப்பாவின் பங்காளி ஒருவருடைய காடும் கிணறும். அப்பாவுக்கு அண்ணன் முறை என்பதால் நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். பாகம் பிரித்த நாளில் ஏதோ ஒரு வரப்புக்காக வாய்த்தகராறு வந்து, அதிலிருந்து அவரும் அப்பாவும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் அம்மாவும் அக்காவும் நானும் அவருடைய கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுத்தோம். அதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை.

எங்கள் காட்டில் முக்கால் பங்கு "கொறங்காடு". கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி போட்டு, உள்ளே ஏர் படாமல் விட்டுவைத்த மேய்ச்சல் நிலத்தை அப்படிச் சொல்வார்கள். கொழுக்கட்டைப் புல் தானாக முளைத்துத் தானாகக் காய்ந்து நிற்கும். காய்ந்ததையும் மாடுகள் விடாமல் மேயும். நடுநடுவே வெள்வேல மரங்கள் இருந்தன. காற்றில் அவற்றின் காய்கள் உதிர்ந்தால் ஆடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும். எத்தனை மோசமான கோடையிலும் அந்த நிலத்தில் நடந்தால் உள்ளங்கால் சுடாது. அப்பாவுக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குறை இருந்தது. "சும்மா கெடக்குது" என்பார்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் வட்டாரம் முழுக்க நிலக்கடலைக்கு நல்ல கிராக்கி. களத்துக்கே லாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அக்கம்பக்கத்துக் கொறங்காடுகள் ஒவ்வொன்றாக உழப்பட்டதைப் பார்த்துவிட்டு, ஒரு சித்திரை மாதம் அப்பாவும் அரிவாளை எடுத்தார். அம்மாவுக்கு மனசில்லை.

"ஏனுங்க, அதையும் உழுதுபோட்டா மாட்டுக்கு என்னங்க பண்றது?"

"கடலைக்கொடி வருமில்ல? புல்லைவிடக் கொடியில சத்து ஜாஸ்தி."

"கொடி வராத வருசம்?"

"நல்ல காரியம் பேசறப்ப குறுக்க பேசறதே உனக்குப் பழக்கமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போனார்.

அப்பாவைக் குற்றம் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. வருடத்துக்கு வருடம் கூரைக்குப் பனையோலை மாற்றிக்கொண்டிருந்த வீட்டில், இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, அவர் ஆசைப்பட்டதில் பேராசை எதுவும் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. கிளுவை வேலியைப் பிடுங்கவும் வெள்வேல மரங்களை வேரோடு தோண்டவும் ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. அதன்பிறகு முதல் ஏர் ஓடியபோது அடியிலிருந்து புரண்டு வந்த மண் கருஞ்சிவப்பாக, புல்வேர்கள் மயிர்க்கற்றை மாதிரி பின்னிப் பிணைந்து, ஈரமாக இருந்தது. நானும் அக்காவும் அதில் முழங்கை வரைக்கும் கையை நுழைத்துப் பார்த்தோம். அப்பா சரிவு வாக்கிலேயே மேலிருந்து கீழாக உழுதார். குறுக்கே உழுதால் காளைகளை அடிக்கடி திருப்ப வேண்டியிருக்கும். நீளவாக்கில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

மூன்று வருடங்கள் கடலை நன்றாகவே காய்த்தது. ஓலைக்கூரை போய் நாட்டு ஓடு வந்தது. அக்கா ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். கடலை வந்தபோது படிக்கிற வயதில் இருந்தது நான். அதனால் நாலு கல் தொலைவில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்த்து, புதுப் பாவாடையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

கற்கள் முளைக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். எங்கள் பக்கத்தில் "வெங்கச்சாங்கல்" என்று ஒரு வெள்ளைக் கல் உண்டு, உடைத்தால் கற்கண்டு போல மின்னும். முதல் வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது. மூன்றாம் வருடம் காட்டின் மேல்பாதி முழுக்க யாரோ வாரி இறைத்தது போல வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. எனக்கும் அக்காவுக்கும் கொண்டாட்டம். அஞ்சாங்கல் ஆடுவதற்கு உருண்டையாகப் பார்த்துப் பொறுக்கினோம். அப்பா பொறுக்கி வரப்போரம் எறிந்தார். பொறுக்கப் பொறுக்க அடுத்த ஆடிக்காற்றுக்குப் பிறகு இன்னும் அதிகமாக வந்தன. ஒருநாள் நான் மடி நிறையக் கற்களோடு கீழ்வரப்பில் நின்றபோது, அந்தப் பக்கம் நின்றிருந்த பெரியப்பாவிடம், "பெரியப்பா, எங்க காட்டுல மட்டும் எப்படிங்க இத்தனை கல்லு வருது?" என்று கேட்டேன்.

"கல்லு வர்ல சாமி" என்றார் அவர். "மண்ணு போவுது."

வீட்டில் வந்து அதை அப்படியே சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவருக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். வட்டிலில் பாதிச் சோறு மீதி இருந்தது.

அதன்பிறகு இரண்டு வருடம் மழை இல்லை. விதைத்த கடலை மண்ணுக்குள்ளேயே வெந்தது. அம்மா பயந்தது போலவே கொடியும் இல்லை, புல்லும் இல்லை. அம்மா சப்பாத்திக்கள்ளியை நெருப்பில் வாட்டி, முள் பொசுங்கியதும் நறுக்கி மாடுகளுக்குப் போட்டாள். மிஞ்சிய முள் குத்தி வாயோரம் ரத்தம் கசிய அவை அதைத் தின்றன. கறவைகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். உழவுக்காளை ஜோடி மட்டும் எலும்பும் தோலுமாக மிஞ்சியது. பிடித்து நிறுத்த ஒரு புல்வேர்கூட இல்லாத காட்டில், காற்று தன் இஷ்டத்துக்கு மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று. பட்டப்பகலில்கூட எதிர்வீடு தெரியாத நாட்கள் இருந்தன. கண் சிவந்து பீளை தள்ளாத குழந்தை அந்தத் தெருவிலேயே இல்லை.

மழை வந்தது ஓர் ஐப்பசி மத்தியானம். முதல் தூறல் விழுந்தபோது தெருவே வெளியே வந்து நின்றது. அம்மா வீட்டிலிருந்த பாத்திரங்களையெல்லாம் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. இரண்டு வருடம் வெயிலில் வெந்த நிலம் ஒரு சொட்டையும் குடிக்கவில்லை. அப்பா சரிவில் உழுத ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாக மாறி, தண்ணீர் ரத்தச் சிவப்பில் கீழே ஓடியது. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓரிடத்தில் அணைத்தால் பக்கத்தில் அறுத்துக்கொண்டது. மழை விட்டபிறகு அவர் இடுப்பு வரை சேறாக, வெறுங்கையோடு திரும்பி வந்தார். மண்வெட்டியும் தண்ணீரோடு போயிருந்தது.

மறுநாள் காலை பெரியப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். பாகம் பிரித்த நாளுக்குப் பிறகு அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கோபமாக வருகிறார் என்று நினைத்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"தம்பி, உன்ற காடு என் கெணத்துல கெடக்குது. வந்து பாரு."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரியப்பாவின் பின்னால் போனாள், நாங்களும் போனோம். எங்கள் காட்டின் நடுவே ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கீழே பெரியப்பாவின் சோளப்பயிர் இருந்த இடத்தில் செம்மணல் பாய் விரித்த மாதிரி படிந்து கிடந்தது. கிணறு பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. ஊரிலேயே உப்புக் கரிக்காத தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான் இருந்தது.

அம்மா வெகுநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனுக்கு அண்ணன் என்பதால் அவள் பெரியப்பாவை மாமா என்று கூப்பிடுவாள். "மாமா, கெணத்தை நாங்க தூர் எடுத்துக் குடுத்தர்றோமுங்க. எடுக்கற மண்ணை மேல கொண்டுபோய்ப் போட்டுக்கறோம்."

"அத்தனையுமா? நீயொரு பொம்பளை, ரெண்டு புள்ளைங்க. ஆவுற காரியமா இது?"

"ஆவுதோ இல்லியோ, மண்ணு எங்குளுதுங்க மாமா."

பெரியப்பா தலையைச் சொறிந்தார். பிறகு, "செரி, எடுத்துக்கோ. கயிறும் கப்பியும் நான் போடறேன்" என்றார்.

பொங்கல் கழிந்து சேறு இறுகியதும் வேலையைத் தொடங்கினோம். நான் அப்போது எட்டாவது. பங்குனியில் பரீட்சை. "ரெண்டு நாளைக்குக் கூட வா, அப்பறம் போய்க்கலாம்" என்று அம்மா சொன்னாள். இரண்டு நாள் என்பது யாரும் எதுவும் சொல்லாமலே மாதங்களாயிற்று. அம்மா கிணற்றுக்குள் இறங்கி வெட்டிக் கூடையில் நிரப்புவாள். பெரியப்பா கப்பியில் இழுத்து மேலே கொட்டுவார். அக்காவும் நானும் சும்மாட்டை வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறுவோம். ஈரமண்ணின் தண்ணீர் முகத்தில் வழிந்து கண்ணில் இறங்கும். துடைக்கக் கை இருக்காது. ஒரு வாரத்தில் என் உச்சந்தலையில் புண் வந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல், பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினேன். அக்கா எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவள். "மழை ஒரு மத்தியானத்துல எறக்குனதை நாம மாசக்கணக்கா ஏத்தறோம்" என்றாள். அதற்கும் என்னால் சிரிக்க முடியவில்லை.

அப்பா மட்டும் வரவில்லை. வீட்டிலேயே ஏர்க்காலைச் செதுக்குவதும், செதுக்கியதையே மறுபடி செதுக்குவதுமாக இருந்தார். அம்மா அவரை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ. மாசியில் ஒருநாள் அக்கா கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். வெங்கச்சாங்கல் ஒன்று பாதத்தைக் கிழித்து, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா வந்து அவளைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.  மறுநாள் விடிந்ததும் நாங்கள் போவதற்கு முன்னாலேயே அவர் கிணற்றடியில் நின்றார். பெரியப்பா பார்த்தார், அப்பா பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். முதல் கூடை நிரம்பியதும் உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏத்துங்கண்ணா."

பெரியப்பா கயிற்றை இழுத்தார். அத்தனை வருடங்கள் கழித்து அப்பா அவரிடம் பேசியது அவ்வளவுதான். அன்று முழுக்க அந்த ஒரே வார்த்தை கீழிருந்து வந்துகொண்டே இருந்தது.

பங்குனிக் கடைசியில் கிணற்றடியில் ஊற்று திறந்தது. என் பரீட்சை அதற்குள் முடிந்துபோயிருந்தது. சுமந்த மண்ணைக் காட்டின் மேல்பாதியில் பரப்பினோம். வெள்ளைக் கற்கள் மறைந்து, அது மறுபடியும் சிவப்பாக, நிலம் மாதிரி தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வருடம் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

ஆடியில் ஒரு மழை கிடைத்ததும் விதைத்தோம். முளைத்தது. ஒரு சாண் உயரம் வந்ததும் அப்படியே நின்று மஞ்சளடித்தது. மேலே மழை பெய்த ஈரம் இரண்டே நாளில் இருந்த இடம் தெரியாமல் போனது. அப்பா பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். பெரியப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து, செம்பிலிருந்து தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டினார். விரல்களைத் திறந்ததும் அது பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடியும் உருட்டினார். மறுபடியும் உதிர்ந்தது.

"உருண்டை புடிக்க மாட்டேங்குது பாரு தம்பி. நல்ல மண்ணெல்லாம் அன்னைக்கே தண்ணியில கரைஞ்சு ஆத்தோட போயிருச்சு. கெணத்துல நின்னது மணலும் சல்லியுந்தான்."

திருமணிமுத்தாற்றில் விழுந்து, அங்கிருந்து காவிரிக்குப் போய், எங்கள் கொறங்காட்டு மண் எந்த ஊர் வயலில் படிந்ததோ, கடலுக்கே போனதோ. அம்மா வரப்பில் நின்றிருந்தாள். "அப்ப நாங்க சொமந்தது?" என்று கேட்டாள்.  அப்பா அந்த மஞ்சள் பயிருக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவேயில்லை.

அந்த வருடமே அப்பா காளைகளை விற்றுவிட்டுச் சேலத்துக்குப் போய், ஒரு மண்டியில் மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தார். மற்றவர்கள் காட்டில் விளைந்த கடலை மூட்டைகள். நான் மறுவருடம் எட்டாவதைத் திரும்பப் படித்து, சேலத்தில் அவரோடு தங்கி மேலே படித்தேன். அக்காவை வாழப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தாள். அம்மா நான்கு ஆடுகளோடு ஊரிலேயே இருந்து, அந்தக் கற்களையே பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் கட்டினாள். கல்வரப்பின் மேல்பக்கத்தில் மட்டும் ஒரு முழம் அகலத்துக்கு வண்டல் தங்கி, அதில் கொஞ்சம் புல் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. அறுபதுகளின் கடைசியில், எனக்கு ஆசிரியை வேலை கிடைத்து, சேலம் அஸ்தம்பட்டியில் வீடு பிடித்ததும், அவளையும் அழைத்துக்கொண்டேன். நிலத்தைக் கேட்டு வந்தவருக்கு விற்றுவிட்டோம்.

வேலையில் சேர்ந்த அன்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். சாக்குத்தூசி படிந்த தோளைத் துண்டால் தட்டிக்கொண்டே, "உன்னப் படிக்க வெச்சது அந்தக் காடுதான், கண்ணு" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. முப்பத்துச் சொச்சம் வருடம் நான் பாடம் நடத்தினேன். மண் அரிப்பு என்று புத்தகத்தில் ஒரு பக்கம் வரும். மூன்று காரணங்கள், நான்கு தடுப்பு முறைகள். பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். நானும் சரியென்று குறி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். கழுத்து வலிக்கும்.

போன வருடம் பெரியப்பா வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காகப் போனவள், திரும்பும்போது காரை நிறுத்தச் சொல்லி அந்தச் சரிவைப் பார்க்க இறங்கினேன். அப்பாவும் அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. கொறங்காடுகள் எங்கும் இல்லை. கிளுவை வேலி ஒன்றைக்கூட வழியில் பார்க்கவில்லை. எங்கள் காடு இருந்த இடத்தில் நீளநீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். ஆழ்துளைக் கிணறுகள் மூன்று போட்டு, இரண்டில் தண்ணீரில்லாமல் வெறும் புகைதான் வந்ததாம். லாரியில் தண்ணீர் வருகிறது. பண்ணையைப் பார்த்துக்கொள்கிற இளைஞர் மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டார். கொட்டகைகளுக்கு நடுவே வெறும் பாறையும் சரளையும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"இது ஒண்ணுத்துக்கும் ஆகாத பாறைங்கம்மா. அதனாலதான் கோழிக்குப் பண்ணுனோம்" என்றார். "ஆதியில இருந்தே இப்படித்தானுங்க."

"இல்லீங்க தம்பி. இங்க மண்ணு இருந்துச்சு."

"அப்படிங்களா? எத்தன ஆழம் இருந்துச்சுங்க?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, என் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினேன். அவர் கையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். வயதானவர்கள் சொல்வதற்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டிவிட்டு, "டீ சாப்பிடறீங்களா அம்மா?" என்று கேட்டார்.